பிறக்காத ஷெய்கு எழுதிய கப்பல் பாட்டு

1

நான் ரங்கூனுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்து நாலு வருடம். ஊரிலிருந்து தங்கை ஃபோனில் கூப்பிட்டு அங்கே என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தால் அதுதான் இங்கே விசேஷம் என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கரண்ட் வந்தால் நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வடிக்க வேண்டும், ஃபோனுக்குச் சார்ஜ் போட வேண்டும். வீட்டில் விருந்தாள் ஒரு ராத்திரி தங்கினால் வட்ட அலுவலகத்தில் போய்ப் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். மகளை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டோம். இங்கே வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள்.

இதையெல்லாம் முந்தைய கடிதங்களில் எழுதிவிட்டேன். வாசகர்கள் சிலர், "அங்கே நம் மார்க்கம், நம் இலக்கியம் எல்லாம் எப்படி இருக்கிறது, அதை எழுதுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். படித்துவிட்டு வருத்தப்படக் கூடாது. யாரையாவது அறைந்துவிடுவேனோ என்ற பயத்தில் எழுதுகிற கடிதம் இது.

விஷயம் என் மதினியைப் பற்றியது. பெயர் ஹமீதா. என் வீட்டுக்காரரின் அக்கா, வயசு அறுபத்து மூன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்களுடைய வாப்பா நம் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். உம்மா மலாய்க்காரி. பர்மாவின் தென்கோடியில் காவ்தௌங் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. கரையில் நின்றால் எதிரே தாய்லாந்து தெரியும். அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மலாய்க்காரர்கள் இருக்கிறார்கள். பர்மியர்கள் அவர்களைப் பஷூ என்பார்கள். மதினி இருபத்தைந்து வயசு வரை அங்கே உம்மாவின் வீட்டில் வளர்ந்தவர். தாய்மாமன்மார் மூன்று பேரும் படகு கட்டுகிறவர்கள். உம்மா மவுத்தான பிறகுதான் மதினி ரங்கூனுக்கு வந்தார். இப்போது இங்கே பசுந்தாங் பகுதியில் எங்களோடு இருக்கிறார். காலையில் முன்னறையில் பெண் பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதிக் கொடுக்கிறார். பிள்ளைகள் அவரை ஸயாமா என்று கூப்பிடும். பர்மியில் டீச்சர் என்று அர்த்தம்.

அவர் ஒரு நூல் எழுதினார். அதைத்தான் ஒரு கூட்டம் அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தது. அந்தக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டவள் நான். அதையும் எழுதுகிறேன்.

2

நூல் நூஹ் நபியின் கப்பலைப் பற்றியது. பெருவெள்ளக் கதையில் கிறிஸ்தவர்கள் நோவா என்பார்களே, அவர்தான். மலாய்ப் பாட்டு. நாலு நாலு வரி, நாலு வரியும் ஒரே ஓசையில் முடியும். ஷாயிர் என்று அதற்குப் பெயர். பெயரே அரபிலிருந்து வந்தது. மலாய்க்காரர்களின் மார்க்க எழுத்தில் எதைத் தொட்டாலும் அரபு ஒட்டும். எழுத்து அரபு எழுத்து. அதில் இல்லாத ஓசைகளுக்குப் புள்ளி கூட்டி ஜாவி என்று வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்களே, அதே வேலைதான். தொடக்கத்தில் இறைவனுக்கு ஹம்து, நபிக்கு ஸலவாத்து. கதை அரபுக் கதை. பெயர்கள் அரபுப் பெயர்கள். மறுமை, கப்ரு, துஆ எல்லாவற்றுக்கும் அரபுச் சொல்.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். நம் ஊர்ப் புலவர்கள் அரபு நாட்டில் வயலும் வாழைத் தோப்பும் வைத்துப் பாடினார்கள் இல்லையா? மதினியும் அப்படித்தான். நூஹ் நபியின் கப்பல் காவ்தௌங்கில் கட்டிய கப்பல். எந்த மரத்தை எந்த மாதத்தில் வெட்ட வேண்டும், பலகைக்கும் பலகைக்கும் நடுவே மரப்பட்டை நாரை எப்படித் திணிக்க வேண்டும், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி எந்தச் சூட்டில் பூச வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. தச்சர்கள் வெற்றிலை போட்டுத் துப்புகிறார்கள். மழை நம் ஊர் மழை மாதிரி நாலு நாள் பெய்துவிட்டு நிற்பதில்லை. காவ்தௌங் மழை. மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அரபு நாட்டில் உட்கார்ந்திருக்கிற எவனுக்கும் அந்த மழையை எழுத வராது.

எனக்கு ஜாவியை எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அர்த்தம் தெரியாது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மதினி வாசிப்பார், பிறகு தமிழில் சொல்வார். அவருடைய தமிழ் எங்கள் மாமனார் கப்பலில் கொண்டுவந்த பழைய தமிழ், பாதியில் பர்மி கலக்கும். சொல் வராத இடத்தில் கையால் செய்து காட்டுவார். குங்கிலியம் என்ற சொல்லைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. சாம்பிராணிக் கடைக்காரர்தான் சொன்னார்.

நூலின் நடுவில் நாற்பது பாட்டு நூஹ் நபியின் மனைவியைப் பற்றி. அவள் ஈமான் கொள்ளாதவள், கப்பலில் ஏறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய மகன் ஒருவன் மலைமேல் ஏறித் தப்பிக்கிறேன் என்று போய் மூழ்கினான் என்பதும் தெரியும். மதினி இந்த இரண்டையும் சேர்த்து வைத்தார். மனைவி கரையில் நிற்கிறாள். முழங்கால் வரை தண்ணீர். கப்பலிலிருந்து கூப்பிடுகிறார்கள். அவள் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "அவன் இறங்கி வருவான். வரும்போது கரையில் யாருமில்லை என்றால் என்ன செய்வான்?" என்கிறாள். அவ்வளவுதான் அவள் பேசுவது. அதே பேச்சு நாற்பது பாட்டில் மூன்று தடவை வரும். தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அவள் செய்தது சரி என்று மதினி எங்கேயும் எழுதவில்லை. எப்படி நின்றாள் என்று எழுதினார். முதல் தடவை கேட்டபோது நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். மகள் விமானம் ஏறி அப்போது இரண்டு மாதம். பிள்ளை பெறாத மதினிக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

3

எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு ஒரு கமிட்டி இருக்கிறது. நபிகள் பிறந்த மீலாது மாதத்தில் ஒரு புத்தகம் போடுவார்கள். முக்கால்வாசியும் நன்கொடை கொடுத்தவர்களின் ஃபோட்டோ. இந்த வருடம் பஷூ முஸ்லிம்களுக்காகவும் ஒன்று போடலாம், மலாயும் பர்மியும் எதிரெதிர்ப் பக்கம் வரட்டும் என்று பேச்சு வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? எங்கள் மதினி வைத்திருக்கிறார் என்று போய்ச் சொன்னேன்.

கமிட்டிச் செயலாளர் பெயர் இல்யாஸ். முப்பத்தைந்து வயசு. இவருடைய பாட்டன் இராமநாதபுரத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நல்ல மனுஷர் என்று என் மாமனார் சொல்வார். பேரன் ஒரு அரபு நகரத்தில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறார். படித்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. அங்கிருந்து தலைத்துணி வந்தது, அத்தர் வந்தது, தொண்டையிலிருந்து பேசுகிற ஒரு பேச்சு வந்தது. நாம் நோன்பு என்று தமிழில் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். தொழுகை என்று சொன்ன ஒரு கிழவரை நாலு பேர் நடுவில் திருத்தினார். அந்தக் கிழவர் இவர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஐந்து வேளையும் தொழுகிறவர். பஸ் கண்டக்டர் மிச்சச் சில்லறை கொடுத்தால் அந்தப் பர்மிக்காரனுக்கும் அரபில்தான் நன்றி சொல்வார். அவன் பயந்து இன்னும் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுவான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஊரில் உங்களுக்கும் இப்படி ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்று தெரியும். பெருநாள் வாழ்த்து அனுப்பினால் அரபு வாழ்த்தாகத் திரும்பி வருகிறது. எனக்கு அரபின் மேல் ஒரு கோபமும் இல்லை. வேதத்தின் மொழி. என் கோபம் அதைச் சட்டைமேல் குத்திக்கொண்டு அலைகிற ஆட்கள் மேல்.

இல்யாஸ் என்னைக் கேட்ட முதல் கேள்வி, இது எந்தக் கிதாபிலிருந்து, அதாவது எந்த மார்க்க நூலிலிருந்து, எடுத்தது என்பது. நூலின் முதல் பாட்டு எனக்கு நினைவு வந்தது. மதினி தமிழில் சொல்லியிருந்தார்: "இந்தக் கதை ஓர் அரபுக் கிதாபில் இருந்தது. அறிவில்லாத ஏழை அடிமை நான் அதை மலாய்க்குத் தூக்கி வந்தேன். நல்லதெல்லாம் அந்தப் பெரியவருடையது, பிழையெல்லாம் என்னுடையது."

அதை அப்படியே சொன்னேன். சும்மா சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னேன். அரபிலிருந்து வந்தது என்றால் இந்த ஆள் வாயை மூடுவான் என்று கணக்குப் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான். இல்யாஸின் முகம் மலர்ந்தது. சொந்தமாக எழுதியது என்றால் கமிட்டி தொடவே தொடாது, மொழிபெயர்ப்பு என்றால் தடையில்லை என்றார். பாட்டு நோட்டுகளின் நகலைக் கொடுத்துவிட்டு வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

4

மலாய்ப் பக்கங்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். கோலாலம்பூரில் இருக்கிற என் மகளைப் பிடித்தோம். அவள் அங்கே ஃபோன் கடையில் வேலை செய்கிறாள். மலாய் நன்றாகப் பேசுகிறாள், ஆங்கில எழுத்தில் எழுதுகிறாள். ஜாவி தெரியாது. அதனால் மதினி பாட்டை வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவார், அவள் தட்டி அனுப்புவாள். அத்தைக்கும் மருமகளுக்கும் நல்ல சண்டை. மதினி "ஸெம்பாயாங்" என்று வாசித்திருப்பார். நம் தொழுகைக்கு மலாயில் அதுதான் பழைய சொல். மகள் அங்கே "ஸோலாத்" என்ற அரபுச் சொல்லை அடித்திருப்பாள். நோன்புக்கும் அப்படியே. கேட்டால், இங்கே இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, பழைய சொல்லைப் போட்டால் பாமரத்தனமாகத் தெரியும் என்று பர்மியில் பதில் வரும். தமிழில் அவளிடம் பேசினால் கேட்டுக்கொள்வாள், பதில் எப்போதும் பர்மிதான். என் மகளுக்கு மூன்று மொழி தெரியும், மூன்றிலும் எனக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

மதினி ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏ புள்ள, நான் தொழுத தொழுகைய நீ எனக்கு மாத்தித் தராதே. ஒரு எழுத்து மாறுனாலும் ஓசை ஒடஞ்சிரும். ஓசை ஒடஞ்சா கப்பல் முங்கிரும்."

மகள் பழைய சொல்லுக்கே மாற்றிக் கொடுத்தாள். இது நடந்துகொண்டிருக்கும்போது இல்யாஸ் ஆள் அனுப்பினார். அந்த அரபுக் கிதாபு வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று. நான் மதினியிடம் போய், "அந்தக் கிதாப எங்க வச்சிருக்கீங்க மதினி? கேக்குறாங்க" என்றேன்.

"எந்தக் கிதாபு?"

"நீங்க இதத் தூக்கிட்டு வந்தீங்களே, அந்த அரபுக் கிதாபு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிதாபும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அரபு ஓதத்தான் வரும். அர்த்தம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"அப்ப மொதப் பாட்டு?"

"அது எல்லாரும் எழுதுறதுதான். நபிமார் கதையில 'நான் செஞ்சேன்'னு வந்து முன்னால நிக்கலாமா? மரியாத இல்ல. எங்க நடு மாமன் ஒண்ணு எழுதுனாரு, அவரும் அரபுக் கிதாபுன்னுதான் ஆரம்பிச்சாரு. அவருக்குத் தெரிஞ்ச அரபி ஒருத்தன்கூடக் கெடயாது. கேக்குறவங்களுக்கும் தெரியும்."

கேட்கிறவர்களுக்குத் தெரியும். அதுதான் விஷயம். அந்த ஊரில் ஒருவர் பாட்டு எழுதினால், எவரோ ஓர் அரபுப் பெரியவரை முன்னால் உட்காரவைத்துவிட்டுத் தான் பின்னால் நிற்பார். கேட்கிறவர்கள் அந்தப் பெரியவருக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டுப் பின்னால் நிற்கிறவரைத்தான் பாராட்டுவார்கள். அது அவர்களுக்குள் இருந்த ஒரு நாகரிகம். அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு கமிட்டியில் போய் ஒப்படைத்த ஒரே அறிவாளி நான்.

இப்போதே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். மதினி வேண்டாம் என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டது, புத்தகம் வரட்டும், தேடிப் பார்த்துவிட்டு அவர்களே விட்டுவிடுவார்கள் என்றார். "யாபாடே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த நாட்டில் எல்லா அநியாயத்துக்கும் முதலில் சொல்கிற சொல் அதுதான்.

5

அவர்கள் விடவில்லை. கண்டுபிடித்துவிட்டார்கள்.

இல்யாஸ் தன்னோடு படித்தவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நூஹ் நபியைப் பற்றி எழுதிய ஒரு பழைய அரபு அறிஞரின், ஒரு ஷெய்கின், பெயர் எங்கோ ஒரு பட்டியலில் கிடைத்திருக்கிறது. நூல் கிடைக்கவில்லை, பெயர் மட்டும்தான். இவருக்கு அது போதும். அட்டை அச்சாகி மாதிரி வந்தது. மேலே கொட்டை எழுத்தில் அந்த ஷெய்கின் பெயர். அவருடைய ஊர், அவருடைய வாப்பா பெயர், அந்த வாப்பாவின் வாப்பா பெயர். அடியில் எறும்பு அளவில், "மலாயில்: காவ்தௌங் மாதரசி ஒருவர்." ஒருவர். ஹமீதா என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

உள்ளே நாற்பது பாட்டைக் காணோம். நூஹ் நபியின் மனைவி கரையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டாள். இப்படி எந்த அரபுக் கிதாபிலும் இல்லை, மொழிபெயர்த்தவர் தன் இஷ்டத்துக்குச் செருகியிருக்கிறார், ஷெய்குக்கு அவமரியாதை என்று ஓரத்தில் இல்யாஸின் கையெழுத்தில் குறிப்பு. இவர் படிக்காத நூலுக்கு, அவர் எழுதாத பாட்டுக்கு, இவர் மரியாதை காப்பாற்றுகிறார்.

மதினி தன் பெயரில்லாத அட்டையை ஒரு தடவை பார்த்தார்.  பக்கங்களைத் திருப்பினார். நாற்பது பாட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கவில்லை.

மார்க்கப் புத்தகம் என்றால் இங்கே அனுமதி வாங்க வேண்டும். மொழிபெயர்த்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். நகரின் நடுவே கியாக்டடாவில் ஓர் அலுவலகம். மதினியும் நானும் இல்யாஸும் காலை ஒன்பதுக்குப் போய்ப் பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. மின்விசிறி ஓடவில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசிக்கொண்டு, கையில் ஃபாரம். அவளுக்கு இஸ்லாமும் தெரியாது, அரபும் தெரியாது. கட்டங்களை நிரப்பினால் போதும்.

நூலாசிரியர் பெயர்? இல்யாஸ் தொண்டையிலிருந்து சொன்னார். அவள் மூன்று தடவை கேட்டு எழுதினாள். நூலாசிரியரின் குடியுரிமை அட்டை எண்? இல்லை, அவர் அரபு நாட்டுக்காரர். அப்படியானால் பாஸ்போர்ட் எண்? அவர் காலமாகிவிட்டார். எப்போது? இல்யாஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பல நூறு வருடம் முன்பு என்றார். அப்படியானால் மூல நூலின் பிரதி ஒன்றை இணைக்க வேண்டும் என்றாள். இல்லை. நூலகச் சான்று? இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை, அப்படியானால் ஸயாமா எதைப் பார்த்து மொழிபெயர்த்தார்?

அந்த அறையில் சரியான கேள்வி கேட்டது அவள் ஒருத்திதான். ஆறு வருடம் அரபு நாட்டில் படித்தவருக்கு அது தோன்றவில்லை. இருபத்து நாலு வருடம் மதினியோடு ஒரே சட்டியில் சாப்பிட்ட எனக்கும் முதல் நாளில் தோன்றவில்லை.

மதினி பர்மியில் பதில் சொன்னார். எதையும் பார்த்து மொழிபெயர்க்கவில்லை, நானே எழுதினேன், மூன்று வருடம் எழுதினேன் என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். அவர் கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

இல்யாஸ் தமிழுக்கு மாறினார். குப்பி என்றால் எங்களில் அத்தை. "குப்பி, சும்மா இருங்க. என்ன பேசுறீங்கன்னு தெரியுதா? மொதப் பாட்டுல நீங்களே எழுதியிருக்கீங்க."

"எழுதுனேன் தம்பி. அந்த அரபிய நான்தான் கூட்டிட்டு வந்தேன். ஒங்கள மாதிரி ஆம்பளைங்க வாசல்ல நிப்பீங்க, அவரு முன்னால போனா என்னயும் உள்ள விடுவீங்கன்னு கூட்டிட்டு வந்தேன். இப்ப அவர நாற்காலில ஒக்கார வச்சிட்டு என்ன வெளிய அனுப்புறீங்க."

"அப்ப அந்த நாப்பது பாட்டு? நபியோட மனைவி பேசுனதா எழுதியிருக்கீங்களே. அது எங்கேருந்து?"

"அதுவும் எங்கிட்டேருந்துதான். பாட்டுன்னு தெரிஞ்சுதான் எழுதுனேன், ஹதீஸுன்னு சொல்லல. பொய்யின்னா எம்பேருல இருக்கட்டும். யாரோ ஒரு செத்த மனுஷன் பேருல ஏன் போடுறீங்க?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியாது. ஆனால் புதிய ஃபாரம் ஒன்றை எடுத்து மதினியின் பக்கம் தள்ளினாள். மதினி தன் அட்டையை எடுத்து வைத்தார். இந்த நாட்டு அட்டையில் ஒருவருடைய ரத்தத்தைப் பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார்கள். மதினியுடையதில் இந்தியா, பஷூ, இஸ்லாம் என்று இருக்கிறது. அரபு என்று எங்கேயும் இல்லை. நூலாசிரியர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். எண்ணை எழுதினார். இல்யாஸ் கமிட்டியின் கடிதத்தை ஃபைலிலிருந்து உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கடிதம் இல்லாமல் மார்க்கப் புத்தகத்தை வாங்கிக்கொள்ள முடியாது என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

6

கமிட்டித் தலைவர் மறுநாள் வீட்டுக்கு வந்தார். நல்லவர் என்று பெயர் எடுத்தவர். நல்லவர்கள் எப்போதும் பாதிக்குப் பாதி பேசுவார்கள். ஹமீதா பெயரையே போடலாம், கொட்டை எழுத்தில் போடலாம், அந்த நாற்பது பாட்டை மட்டும் விட்டுவிடலாம் என்றார். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்றார். லபெயே கொடுத்தேன், அந்தத் தேநீர் ஆறிப்போகும் வரை பேசினார்.

நான் மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மதித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அறுபத்து மூன்று வயசில் தன் பெயர் போட்ட ஒரு புத்தகம். வேறு என்ன இருக்கிறது அவருக்கு? அவர் தலைவரிடம், நூஹ் நபியின் மனைவி கரையில் நிற்கத்தான் வேண்டும், அவளை விட்டுவிட்டு என் பெயர் மட்டும் கப்பலில் ஏறுவது எனக்கு வேண்டாம் என்று சொன்னார். தலைவருக்குப் பாதி புரிந்தது. எழுந்து போனார். புத்தகம் நின்றுபோனது. இந்த வருட மீலாது மலரில் ஃபோட்டோக்கள் அழகாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மலாய் எழுத்தாளர்கள் அரபுக்குக் கடன்பட்டவர்கள் என்று மேடையில் பேசுவீர்கள். சரிதான். எழுத்து அங்கிருந்து வந்தது, கதை வந்தது, பக்தி வந்தது. காவ்தௌங் கடற்கரையில் இருந்தவர்கள் அதை வாங்கிக் குங்கிலியம் பூசித் தண்ணீரில் விட்டார்கள், மிதந்தது. பல தலைமுறை மிதந்தது. வாங்கியவர்களுக்குத் தெரியும், எது வாங்கியது, எது தன்னுடையது என்று. இப்போது வந்திருக்கிற இவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அரபில் இல்லாதது மார்க்கத்திலேயே இல்லை என்கிறார்கள். அப்படியானால் நம் உம்மாமார் இத்தனை காலம் அழுதது, தாலாட்டியது, துஆ கேட்டது எல்லாம் எந்தக் கணக்கில்? கேட்டால் தலைத்துணியைச் சரிசெய்துகொள்வார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் போயிருந்த நேரம், ஓத வருகிற பிள்ளைகளின் தாய்மார் எங்கள் முன்னறைக்கு வந்தார்கள். மதினி நூலை, கரையில் மகனுக்காக நிற்கிற தாயின் நாற்பது பாட்டோடு, வாசிக்கப் போகிறார் என்று நான்தான் ஒவ்வொரு மாடியாகப் போய்ச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். கரண்ட் இல்லை, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது இல்யாஸின் உம்மா.  மகன் அனுப்பி வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

மதினி ஒரு பாட்டை மலாயில் ஓசையோடு வாசிப்பார். பிறகு பர்மியும் தமிழுமாக அர்த்தம் சொல்வார். முதல் பாட்டை வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அதை மாற்றியிருக்கிறார் என்று. கிதாபும் இல்லை, பெரியவரும் இல்லை. அர்த்தத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"இந்தக் கப்பலை எந்த அரபியும் கட்டவில்லை. படகு கட்டும் என் மாமன்மாரைப் பார்த்து நான் கட்டினேன். என் பெயர் ஹமீதா, பசுந்தாங்கில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். ஒழுகினால் என்னைக் கேளுங்கள்."

 இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நபிமார் கதையை இப்படி ஆரம்பித்து அவர்கள் கேட்டதில்லை. மதினி நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.  அடுத்த பாட்டுக்குப் போகவில்லை.

இல்யாஸின் உம்மா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

"ஒழுகுனா நாங்க பாத்துக்குறோம்," என்றார். "நீ படி ஹமீதா. அந்தப் புள்ள மலயிலேருந்து எறங்குனானா இல்லயா, அதச் சொல்லு."